கால் படாத மூன்றடி

2046ஆம் ஆண்டு ஆடி மாதத்தின் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, செங்காட்டுவலசு நகராட்சியின் கட்டட ஆய்வாளர் கோகிலவாணிக்குச் செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. சுவரை அடைத்திருந்த திரையில் ஊர் முழுக்கப் பச்சையாக இருந்தது. இருபத்தோராயிரம் வீடுகள், இருபத்தோராயிரம் பச்சைப் புள்ளிகள். அவள் டீயை ஆற அமர உறிஞ்சிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு வந்த விதி அது. குடியிருக்கும் கட்டடம் ஒவ்வொன்றிலும் ஒரு தூணின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி பொருத்த வேண்டும். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. ஊர் அதைக் 'காது' என்றே சொன்னது. மனிதர்கள் நடந்தாலும் தெருவில் லாரி போனாலும் மிக்ஸி ஓடினாலும் ஒரு சிறு நடுக்கம் கட்டடத்துக்குள் பரவுகிறது. காது அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கே கான்கிரீட் கெட்டியாக இருக்கிறது, எங்கே உள்ளுக்குள் விட்டுப்போயிருக்கிறது என்பது அந்த நடுக்கத்திலேயே அதற்குத் தெரிந்துவிடும். பச்சை என்றால் குடியிருக்கலாம். சிவப்பு என்றால் ஏழு நாளில் காலி செய்ய வேண்டும். எட்டாம் நாள் சீல். இரண்டுக்கும் நடுவில் வேறு நிறம் கிடையாது. நடுவில் ஒரு நிறம் வைத்தால் அதற்குள் சிபாரிசு புகுந்துவிடும் என்பது ஆணையர் திவாகரனின் வாதம். விதியை எழுதியவர் அவர்.

கோகிலவாணி அந்த விதியை மனதார ஏற்றுக்கொண்டவள். ஆறு வருடங்களுக்கு முன்பு ஓடைத் தெருவில் அவள் பார்த்து, தட்டி, கையெழுத்துப் போட்ட ஒரு மாடி வீடு, நான்காம் மாதம் காலை ஒன்பது மணிக்கு அப்படியே உட்கார்ந்துவிட்டது. பதினோரு பேர் போனார்கள். கண்ணால் பார்த்து யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது என்று விசாரணை அறிக்கை சொன்னது. அந்த வரியை அவள் எத்தனையோ முறை படித்தாள், ஆறுதல் கிடைக்கவில்லை. காது வந்த பிறகுதான் அவளுக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது. இரண்டு வருடத்தில் ஊரில் ஒரு சுவர்கூட விழவில்லை. நாற்பத்து மூன்று வீடுகளுக்குச் சீல் வைத்தாயிற்று. அத்தனை சீலும் அவள் கையால் வைத்தது.

"மேடம், ஒண்ணு காட்டட்டுங்களா?" என்றாள் ரித்திகா. திரையைக் கவனித்துக்கொள்ளும் பெண். "ஆபத்து ஒண்ணும் இல்லீங்க. வேடிக்கையா இருக்குது, அவ்வளவுதான்."

காதுக்குப் புதிதாக ஒரு திறமை வந்திருந்தது. கேட்ட காலடி எந்த இடத்தில் விழுந்தது என்பதையும், பழைய பதிவுகள் உட்பட, அது இப்போது சொல்லும். ரித்திகா ஒரு வீட்டின் முதல் மாடி வராந்தாவைப் பெரிதாக்கினாள். நீளமான பட்டையில் எறும்பு மொய்த்ததுபோல ஆயிரக்கணக்கான புள்ளிகள். நடுவில் மட்டும் சதுரமாக ஒரு வெற்றிடம்.

"மூணடிக்கு மூணடி. எட்டு மாசமா இந்த இடத்துல ஒரு கால்கூடப் படலீங்க. இருபத்து மூணு பேர் இருக்கற வீடு. வர்றவங்க போறவங்க எல்லாரும் சரியா அங்க வந்ததும் எட்டி ஒரு அடி வெக்கறாங்க."

"நாய் படுத்திருக்குமா?"

"எட்டு மாசமா ஒரே நாய் ஒரே இடத்துலயாங்க?"

கோகிலவாணி சிரித்தாள். ஆனால் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"வீடு பச்சைதானே?"

"நல்லாப் பச்சைங்க. தொண்ணூத்தொண்ணு மார்க்."

வேறு வேலை இல்லாததால் போனாள் என்றுதான் பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாள். அது முழு உண்மை இல்லை. அந்த வெற்றுச் சதுரத்தை இன்னொரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வாய்க்கால்மேடு இரண்டாம் தெரு, பதினெட்டாம் எண். கீழே இரண்டு, மேலே இரண்டு, அதற்கும் மேலே இரண்டு என்று ஆறு குடித்தனம். பெரும்பாலும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். முதல் மாடியில் குடியிருந்த மௌனிகா அன்று வாரவிடுமுறையில் இருந்தாள். முப்பத்தெட்டு வயது, கட்டிங் மாஸ்டர். நகராட்சி அடையாள அட்டையைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டது.

"வாங்க மேடம். பச்சைனுதானுங்க இருக்குது, இன்னைக்குக் காலைலகூட ஃபோன்ல பாத்தேன்."

"ஆமா, பச்சைதான். சும்மா ஒரு பார்வை."

இருவரும் வராந்தாவில் நடந்தார்கள். பேசிக்கொண்டே வந்த மௌனிகா, பேச்சு அறாமலே, நடுவில் ஒரு இடத்தில் வாய்க்கால் தாண்டுவதுபோல நீளமாக ஒரு அடி வைத்தாள். எதிரே இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வந்த பெண்ணும் அதே இடத்தில் தாண்டினாள். குடத்திலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை. அந்த இடத்தில் குழந்தைகள் ஓட்டும் பிளாஸ்டிக் மூன்று சக்கர வண்டி ஒன்று நின்றது. சக்கரங்கள் இல்லை. இரண்டு கிலோ எடைகூட இருக்காது.

"இது யாரோட வண்டி?"

"கொழந்தைங்களோடதுங்க."

"இங்க இருக்கறதுலயே சின்னக் கொழந்தை யாரு?"

மௌனிகா வண்டியைப் பார்த்தபடி சொன்னாள். "எம் பையந்தானுங்க. ஒன்பதாவது படிக்கறான்."

கோகிலவாணி குனிந்து வண்டியைத் தொடப்போனாள்.

"மேடம், அங்க கால் வெக்காதீங்க" என்றாள் மௌனிகா. சிரிப்பு போய்விட்டிருந்தது.

கோகிலவாணி நிமிர்ந்தாள். ஒன்றும் கேட்காமல் படியிறங்கினாள். அந்த இடத்துக்கு நேர் கீழே தரைத்தளத்தில் ஜாகிரின் சமையலறை. தையல் மிஷின் மெக்கானிக். ஐம்பத்தைந்து வயது இருக்கும். சமையலறையில் அடுப்பு இல்லை, பாத்திரம் இல்லை. கூரை மட்டும் புத்தம் புதிதாக வெள்ளைத் தெர்மாகோல் தகடு அடித்து அழகாக இருந்தது.

"பாய், இதைக் கழட்டுங்க."

ஜாகிர் வாசலில் நின்ற மௌனிகாவைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். ஸ்டூலை நடுவில் போடாமல் ஓரமாகப் போட்டு ஏறினார்.

தகடு இறங்கியது. மேலே காரை முழுக்க உதிர்ந்து கம்பிகள் வெளியே தெரிந்தன. துரு ஏறி ஒவ்வொன்றும் விரல் பருமனுக்கு ஊதியிருந்தது. ஒரு கம்பி அறுந்து தொங்கியது. கோகிலவாணிக்கு ஒரு கணம் காது அடைத்துக்கொண்டதுபோல இருந்தது. தொண்ணூற்றொரு மார்க்.

"எப்ப இருந்து?"

"போன கார்த்திகை மழைலங்க. ஒரு நா மத்தியானம் அப்படியே கொட்டுச்சு. நல்ல வேளை, சம்சாரம் வெளிய இருந்தா. அன்னைக்கே அடுப்பை முன் ரூமுக்குக் கொண்டாந்துட்டோம். இதுக்குள்ள யாரும் வர்றதில்லீங்க, நானு மட்டும் ஞாயித்துக்கிழமை வருவேன்."

"எதுக்கு?"

ஜாகிர் சுவரைக் காட்டினார். கூரையிலிருந்து ஒரு விரிசல் சுவரில் இறங்கி வந்திருந்தது. அதன் ஓரமாகப் பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு தேதி. முப்பத்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை கோடுகள் நெருக்கமாக இருந்தன. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளி கூடியிருந்தது.

"இந்தக் கோடு அந்த சுவிட்சுப் பெட்டியைத் தொட்டுதுன்னா எல்லாரும் கிளம்பிடறதுன்னு பேசி வெச்சிருக்கோமுங்க" என்றாள் மௌனிகா. "அதுவரைக்கும் மேல யாரும் கால் வெக்கறதில்ல. விருந்தாளி வந்தா கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவோம்."

தன் வேலைக்காலத்தில் எந்த ஆய்வாளரும் ஒரு சுவரை இத்தனை கவனமாகப் பார்த்துத் தான் கண்டதில்லை என்று கோகிலவாணிக்குத் தோன்றியது. ரித்திகாவை ஃபோனில் கூப்பிட்டாள்.

"காது எப்படி இதைக் கோட்டை விட்டுச்சு?"

"அதுக்குக் கேக்கணும்னா அந்த இடத்துல ஏதாவது ஆடணுமுங்க மேடம். யாரும் மிதிக்கலைன்னா அங்க சத்தமே வராது. மத்த இடமெல்லாம் நல்லா இருக்குதா, அதனால மொத்தமும் நல்லா இருக்குதுன்னு போட்டிருச்சு." ரித்திகாவே தொடர்ந்தாள். "அவங்க வேணும்னு ஏமாத்தலீங்க. விழுந்துருமோன்னு பயந்து நடந்திருக்காங்க. அதுலயே அது ஏமாந்துபோச்சு."

கோகிலவாணி ஃபோனை அணைத்தாள். "ஏன் ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லலை?" என்றாள். கோபமாகக் கேட்க நினைத்தாள். குரல் அப்படி வரவில்லை.

"சொன்னா சிவப்புப் போடுவீங்கல்லங்க" என்றாள் மௌனிகா. "ஓனர் வெளிநாட்டுல இருக்காரு. அவருகிட்டச் சொன்னோம். காலி பண்ணுங்க, இடிச்சுப்போட்டு வித்தர்றேன்னாரு. எங்கக்கா ஊடு போன வருஷம் சிவப்பு ஆச்சு. காந்தி வீதில. நீங்கதான் வந்து சீல் வெச்சீங்க, உங்களுக்கு ஞாபகம் இருக்காது. ஏழு நாள்ல ஊருக்குள்ள ஊடு கிடைக்கலை. பதினாலு கிலோமீட்டர் தள்ளி ஒரு தகர ஷெட்டுல இருக்காங்க. மாமா பஸ்ஸுலயே பாதி நாளைக் கழிக்கறாரு. புள்ள பத்தாவதோட நின்னுபோச்சு. ஊடு விழுந்து சாகலைங்க, அது சரிதான். ஆனா அந்தக் குடும்பம் விழுந்துபோச்சே மேடம்."

கோகிலவாணிக்குக் காந்தி வீதி ஞாபகம் இருந்தது. அரக்கு உருக்கிய வாசனைகூட ஞாபகம் இருந்தது. வாசலில் பள்ளிச் சீருடையோடு நின்ற பெண்ணை மட்டும் அன்று அவள் சரியாகப் பார்க்கவில்லை.

கையிலிருந்த டேப்லெட்டில் அந்த வீட்டின் பக்கம் திறந்திருந்தது. கீழே சிவப்புப் பொத்தான். ஆய்வாளர் நேரில் பார்த்து ஆபத்து என்று நினைத்தால் காதை மீறி அதை அழுத்தலாம். அழுத்தினால் அவள் பொறுப்பு அத்தோடு முடிந்தது. அழுத்தாமல் போய், நாளைக்கு இது விழுந்தால் ஓடைத் தெரு மறுபடியும் நடக்கும். இந்த முறை கண்ணால் பார்த்திருக்க முடியாது என்று யாரும் எழுத மாட்டார்கள்.

அவள் சிவப்பை அழுத்தாமல் டேப்லெட்டை மூடினாள். பிறகு சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்யும் சின்னராசுவுக்கு ஃபோன் போட்டாள்.

"அண்ணா, இரும்பு முட்டு பத்து வேணும். கூடவே பலகை. இப்பவே."

"எந்த சைட்டுக்குங்க?"

"சைட்டு இல்லை. குடியிருக்கற வீடு."

மதியத்துக்குள் சமையலறையில் பத்து முட்டுகள் நின்றன. சின்னராசுவின் ஆட்கள் திருகைச் சுற்றச் சுற்ற, பலகை கூரையோடு போய் ஒட்டியது. ஜாகிரும் மௌனிகாவும் பலகையைத் தாங்கிப் பிடித்தார்கள். கோகிலவாணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மூன்றாவது ஆளாகப் பிடித்தாள். கூரையின் பாரம் முட்டுக்கு இறங்கிய அந்த நொடியில் பலகை கிரீச்சிட்டது. யாரும் பிடியை விடவில்லை. பிறகு ஒன்றும் நடக்கவில்லை. கம்பியைச் சுரண்டிப் புதுக் கம்பி கட்டிக் காரை போட மூன்று வாரம் ஆகும், அதுவரை முட்டு தாங்கும், மற்ற அறைகளில் இருப்பதில் பயமில்லை என்று சின்னராசு சொன்னார். அவளும் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தாங்கும்.

கிளம்பும்போது ஜாகிரிடம் பென்சிலை வாங்கினாள். கடைசித் தேதிக்குக் கீழே அன்றைய தேதியைப் போட்டு, தன் பெயரையும் பதவியையும் முழுதாக எழுதினாள். மனசு லேசாக இருந்தது. இத்தனை பயத்தோடு அப்படி இருக்க முடியும் என்பது அவளுக்கே புதிதாக இருந்தது.

மறுநாள் காலை ரித்திகாவை உட்காரவைத்து, ஊரில் இதுபோல் கால் படாத இடம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடச் சொன்னாள். கட்டில், பீரோ, பூஜை அலமாரி இருக்கிற இடங்களைக் கழித்துவிட்டு, மனிதர்கள் தாண்டிப் போகிற இடங்களை மட்டும் எடுத்தார்கள். முன்னூற்றுப் பதினேழு வீடுகள் வந்தன. எல்லாம் பச்சை.

ஆணையர் திவாகரன் அந்தப் பட்டியலைக் கடைசிவரை படித்தார். கடுமையான மனிதர், ஆனால் ஆள் பார்த்துப் பேசாதவர் என்று பெயர். வெளியூர்க்காரர்.

"பதினெட்டாம் நம்பர் வீட்டுக்கு ஏன் சிவப்புப் போடலை?"

"முட்டுக் கொடுத்திருக்கேன் சார். என் பேரை எழுதி வெச்சிருக்கேன்."

"அப்படி ஒரு விதியே கிடையாதே."

"இல்லை சார். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

அவர் நாற்காலியில் சாய்ந்தார். "ரெண்டு வருஷத்துல ஒரு உயிர் போகலை. அது இந்த விதியாலதான்."

"சீல் வெச்ச நாப்பத்து மூணு வீட்டுல போகலை சார். இந்த முன்னூத்துப் பதினேழுல போகலைன்னா அதுக்கு நம்ம விதி காரணம் இல்லை. அங்க ஜனங்க தாண்டி நடக்கறாங்க. நம்மளைப் பார்த்துப் பயந்து, கூரையைப் பார்த்தும் பயந்து, ரெண்டுக்கும் நடுவுல கால் வெச்சு நடக்கறாங்க." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "முன்னாடி நான் கண்ணால பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். பதினோரு பேர் போனாங்க. இப்ப மெஷின் போடுது. அதுக்கும் யாராவது சொன்னாத்தானே தெரியும்? சொல்றவங்களைத் தெருவுல நிறுத்தினா யாரு சொல்லுவாங்க சார்?"

"என்ன செய்யச் சொல்றீங்க? முன்னூறு வீட்டுக்கும் சீல் வைக்கவா?"

"ஏழு நாள்ல காலி பண்ணுங்கன்னு சொல்றதுக்குப் பதிலா, ஏழு நாள்ல முட்டுக் கொடுக்கறோம்னு சொல்லுங்க சார். நிஜமாவே இருக்க முடியாத வீடுன்னா, அந்த வார்டுலயே நம்ம கல்யாண மண்டபம் இருக்கு, சமுதாயக்கூடம் இருக்கு. அங்க வெச்சிருந்து, சரிபண்ணித் திருப்பி அனுப்பலாம். பிள்ளைங்க அதே பள்ளிக்கூடத்துக்குப் போகும்."

திவாகரன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் விட்டார். "எழுதிக் கொடுங்க. கவுன்சில்ல வைக்கறேன்" என்றார்.

கவுன்சிலில் ஒரு பகல் முழுக்கச் சண்டை நடந்தது. வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியதை நகராட்சி ஏன் செய்ய வேண்டும் என்று பாதிப் பேர் கேட்டார்கள். கடைசியில், ஆறு மாதத்துக்குச் சோதனையாகப் பார்க்கலாம் என்று நான்கு ஓட்டு வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மஞ்சள் என்று ஒரு நிறம் வந்தது. மஞ்சள் வீட்டில் இருந்துகொண்டே சரிசெய்துகொள்ளலாம். தானாக வந்து சொல்கிற வீட்டுக்குச் சீல் கிடையாது.

முதல் நாள் நான்கு பேர்தான் வந்தார்கள். அவர்களும் பக்கத்து வீட்டுக்காரருக்காகக் கேட்பதுபோலக் கேட்டார்கள். நான்கு வீட்டிலும் முட்டு நின்றது, யாரும் வெளியேற்றப்படவில்லை என்று தெரிந்ததும் அடுத்த வாரம் நகராட்சி வாசலில் வரிசை நின்றது. மாடிப்படியின் மூன்றாவது படி, குளியலறை மூலை, மொட்டை மாடியின் கிழக்குக் கைப்பிடி என்று அவரவர் வீட்டின் பலவீனத்தை அவரவர் ஒப்பித்தார்கள். உடம்பு நோவைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களைப்போலத் திரும்பும்போது அவர்கள் தோள்கள் இறங்கியிருந்தன. மாத முடிவில் பட்டியலில் நானூற்றிரண்டு வீடுகள் இருந்தன. எண்பத்தைந்து வீடுகள் ரித்திகாவின் தேடலில் அகப்படாதவை.

"அதெல்லாம் எப்படிங்க மேடம் விட்டுப்போச்சு?" என்று ரித்திகா கேட்டாள்.

"சில வீட்டுல வேற வழி இல்லாம மிதிச்சுத்தான் போயிருக்காங்க கண்ணு. இடம் ஆடாத மாதிரி, மெதுவா."

ஜாகிரின் சமையலறையில் புதுக் காரை காய்ந்தது. காந்தி வீதி வீட்டின் சீலையும் பிரித்துப் பார்க்கலாமா என்று கோகிலவாணி ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாள். பார்க்கலாம் என்று பதில் வந்தது. பலருக்கு நல்ல மாதமாக இருந்தது அது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லோரும் கிளம்பிய பிறகு, திவாகரன் அவள் மேஜைக்கு வந்தார். அவர் யார் மேஜைக்கும் வருகிறவர் இல்லை.

"பட்டியல்ல ஒரு வீடு விட்டுப்போச்சு" என்றார்.

"எந்தத் தெரு சார்?"

"ஆணையர் குவார்ட்டர்ஸ்."

கோகிலவாணி பேனாவை எடுத்தாள். எழுதாமல் அவரைப் பார்த்தாள். அரசாங்கக் குடியிருப்புகளில் காது பொருத்த வேண்டியதில்லை என்று விதியிலேயே இருந்தது.

"ஹாலுக்கும் படுக்கையறைக்கும் நடுவுல, நிலைக்கு இந்தப் பக்கம்" என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "மூணு வருஷமா நான் அதை மிதிக்கறதில்லை. விதி வந்த பிறகு சொன்னா, ஆணையர் வீடே சிவப்புன்னு பேச்சு வரும். விதியைக் கேலி பண்ணுவாங்கன்னு நினைச்சேன். அதுதான் காரணம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

"நாளைக்குக் காலைல முட்டோட வர்றேன் சார்" என்றாள் அவள். பிறகு பட்டியலில் அந்த வீட்டையும் எழுதினாள்.

மறுநாள் சின்னராசுவின் வண்டியில் ஆறு முட்டுகளோடு போனாள். திவாகரன் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அவர் மனைவி கதவைத் திறந்து, உள்ளே அழைத்து, அந்த இடத்தைச் சரியாகக் காட்டினார். கீழ்த்தளத்தில் அதற்கு நேர் அடியிலிருந்த ஸ்டோர் ரூமையும் திறந்துவிட்டார். அரை மணியில் நான்கு முட்டுகள் நின்றன. காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு அந்த அம்மாள் தயங்கி நின்றார்.

"நேத்துதான் அவர் என்கிட்டச் சொன்னார், இப்படி ஒரு இடம் இருக்குன்னு" என்றார். "மூணு வருஷமா அவர் தாண்டுறதை நானும் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன். நான் பயப்படுவேன்னு சொல்லாம இருந்திருக்கார்."

"சரியாப் போச்சுங்கம்மா. இனிமே பயமில்லை."

"இல்லை, அதுக்கில்லை." அவர் வாசலை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சமையல்கட்டுல இன்னொரு இடம் இருக்கு. அது அவருக்குத் தெரியாது."

கோகிலவாணி காபியைக் குடித்து முடித்தாள். பிறகு ஜன்னல் வழியாக எட்டி, வண்டியை இன்னும் கிளப்பியிராத சின்னராசுவைப் பார்த்துக் கையசைத்தாள்.

"அண்ணா, இன்னும் ரெண்டு முட்டு எறக்குங்க."